கோலாலம்பூர் வீட்டில் கொய்மலர்: டாலியாவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

வீட்டு முன்னால் நான்கடி அகலத்துக்கு மண் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது சொந்தத் தோட்டத்துப் பூவை வெட்டிக் கூடத்து மேசையிலும் சாமி மேடையிலும் வைக்க வேண்டும். அதில் டாலியா கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஆசை இருக்கிறவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிறையவே உண்டு. கேமரன் மலைக்குப் போய்த் திரும்பிய வாரத்தில் ஆசை இன்னும் கூடிவிடும். அடுக்கடுக்காக, ஒரு இதழ்கூட வரிசை தப்பாமல் விரிந்திருக்கும் அந்தப் பூவைப் பார்த்தவர்களுக்கு அது சுலபத்தில் மறக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையை ஜின்னியாவுக்கும் கோழிக்கொண்டைக்கும் கொடுங்கள். டாலியாவை விதை போட்டு, குட்டை ரகமாக, தொட்டியில் வளருங்கள். இரண்டு மூன்று தொட்டிக்கு மேல் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கிழங்கு வரவழைக்கும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள். டாலியா மீது எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. அதனால்தான் அது நன்றாக இருக்கக்கூடிய இடத்தில் மட்டும் அதை வைக்கச் சொல்கிறேன்.

டாலியாவின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1963இல் மெக்சிகோ இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஜின்னியாவும் மெக்சிகோக்காரிதான். மாலை கட்டுகிற செண்டுமல்லியும், ராத்திரியில் மணக்கிற சம்பங்கியும் அதே தேசத்தவை. நம் மலாய் நண்பர்கள் சோற்றோடு பச்சையாகச் சாப்பிடும் ஊலாம் ராஜா கீரையும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஊலாம் ராஜா டாலியாவுக்கு நெருங்கிய சொந்தம்கூட. அது நம் கொல்லையில் யாரும் கவனிக்காமலே தழைக்கிறது, ஜின்னியா விதை போட்ட சில நாளில் முளைக்கிறது, டாலியா மட்டும் முரண்டு பிடிக்கிறது. காரணம் உயரம். மற்றவை வெப்பத்துக்குப் பழகியவை. டாலியா மலைச்சரிவுகளில் வளர்ந்த செடி.

மலையில் அதற்குக் கிடைத்ததும் இங்கே கிடைக்காததும் இரண்டு. ஒன்று, குளிர்ந்த இரவு. பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையைச் செடி இரவில் சுவாசிப்பதற்காகச் செலவழிக்கிறது. இரவு வெப்பம் ஏற ஏற அந்தச் செலவும் ஏறும். டாலியாவுக்கு இரவில் 15 டிகிரி சுற்றுவட்டத்தில் இருந்தால் சுகம். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் அது கிடைக்கும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 24 டிகிரி சுற்றுவட்டத்தில்தான், பகலில் 32, 33. மிச்சம் பிடிக்க முடியாத செடி பூவைச் சின்னதாக்கும், நிறத்தை வெளுக்கவிடும், தண்டை மெலியவிடும்.

இரண்டாவது பகலின் நீளம். இதைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை இதில்தான் இருக்கிறது. பகல் குறுகினால் வறண்ட காலம் வருகிறது என்று டாலியா எடுத்துக்கொள்ளும். உடனே சத்தைக் கிழங்குக்கு அனுப்பத் தொடங்கிவிடும். பகல் 13, 14 மணி நேரத்துக்கு நீண்டால் வளர்ச்சியும் பூவும் சேர்ந்து வரும். நாமோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரம்கூட இல்லை. பினாங்கிலும் 40 நிமிடத்துக்குள்தான். எந்த மாதம் நட்டாலும் ஏறக்குறைய 12 மணி நேரம். அந்த 12 மணி நேரம் டாலியாவை இரண்டு மனதில் நிறுத்திவிடும். கொஞ்சம் பூக்கும், கொஞ்சம் கிழங்கு சேர்க்கும், இதழ் குறைந்து நடுவில் மஞ்சள் வட்டம் தெரிகிற பூவாக விடும்.

இந்தியச் சமவெளிகளில் டாலியா பூக்கிறதே என்று கேட்கலாம். அங்கே அது குளிர்காலப் பூ. மழை முடிந்ததும் தண்டு வெட்டி வேர்விடச் செய்து, டிசம்பர், ஜனவரியில் பூவெடுப்பார்கள். நமக்கு அந்தக் குளிர்காலம் இல்லை.

சரி, இப்போது கிழங்கைப் பார்ப்போம். தட்டு அகலத்துக்குப் பூக்கும் பெரிய ரகங்கள், உதாரணமாகப் பாலும் காப்பியும் கலந்த நிறத்தில் பூக்கும் கஃபே ஓ லே, கிழங்காகத்தான் கிடைக்கும். விதை போட்டால் அதே பூ வராது. கிழங்கை முறையாக வரவழைக்க இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மலேசியாவில் அனுமதியைப் பார்த்துக்கொள்வது மாக்கிஸ் அமைப்பு. இதெல்லாம் இல்லாமல் இணையத்தில் விற்கப்படும் கிழங்கை வாங்காதீர்கள். டாலியாவைத் தாக்கும் தேமல் வைரஸ் கிழங்கோடு சேர்ந்தே வரும், கிழங்கைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வட நாட்டு விற்பனையாளர்கள் கிழங்கை அனுப்புவது அவர்களுடைய வசந்தத்தில், அதாவது மார்ச், ஏப்ரலில். கோலாலம்பூரில் ஏப்ரல் நல்ல மழை மாதம். முளை வெளியே வரும்வரை கிழங்குக்குத் தண்ணீரே ஊற்றக் கூடாது என்பது டாலியா வளர்ப்பின் முதல் பாடம். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், தரையில் புதைத்த கிழங்குக்கு அந்தப் பாடத்தை எப்படிக் கடைப்பிடிப்பது? ஒரு நர்சரிக்காரர் என்னிடம் சொன்னார்: "அக்கா, அதை மேல கேமரன்ல போட்டா அது பாட்டுக்கு வரும். இங்க போட்டீங்கன்னா மண்ணுக்குள்ளயே கரைஞ்சிடும்." தப்பிப் பிழைத்து வளர்ந்தாலும் பெரிய ரகம் பூக்க மூன்று நான்கு மாதம் ஆகும். கனமான பூவில் மாலை மழை இறங்கினால் தண்டு மடிந்துவிடும். குளிர் நாடுகளில் பனி விழுந்ததும் செடி கருகி, கிழங்கு தூங்கப்போகும். அதைத் தோண்டி எடுத்துக் குளிர்ந்த அறையில் வைப்பார்கள். இங்கே அதற்கு ஒழுங்கான தூக்கமே கிடையாது. அரைகுறையாக ஓய்ந்து, ஈர மண்ணில் கிடந்து அழுகும். பினாங்கில் கொடிமலை உச்சியில் வீடிருந்தால் கதை வேறு, அங்கே கீழ் ஊரைவிட நாலைந்து டிகிரி குறைவு. அப்படி வீடுள்ளவர்கள் எத்தனை பேர்?

விதை டாலியா இதைவிட நல்ல வழி. ஃபிகாரோ போன்ற குட்டை ரகங்கள் 30, 40 சென்டிமீட்டர் உயரத்தோடு நிற்கும். விதை ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும், மூன்று மாதத்துக்குச் சற்று மேலானால் பூக்கும். ஒவ்வொரு நாற்றும் வேறு நிறத்தில் வரும். எது என்ன நிறம் என்று முதல் மொட்டு விரியும்வரை தெரியாது. எனக்கு அந்தக் காத்திருப்பே பிடிக்கும். கிழங்கு அழுகும் பயம் தொடக்கத்தில் இல்லை. செடி போனாலும் ஒரு விதைதான் போயிற்று.

தொட்டி 25 முதல் 30 சென்டிமீட்டர் வாய் உள்ளதாக இருக்கட்டும். மண்தொட்டி நல்லது, பக்கவாட்டில் ஈரம் ஆவியாவதால் வேர் சூடாகாது. நர்சரிகளில் கொடுக்கும் கறுப்புப் பாலிபேக் மத்தியான வெயிலில் உள்ளே கொதிக்கும், டாலியாவுக்கு அது ஆகாது. மூட்டையில் விற்கும் கருமண் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு கலந்தால் தண்ணீர் தேங்காது. காலை வெயில் பதினொரு மணிவரை விழுந்து, அப்புறம் நிழல் வரும் இடமே சரியான இடம். கிழக்குப் பார்த்த போர்ட்டிக்கோ இருந்தால் அதிர்ஷ்டம். கூரை இருப்பதால் மழையும் நேரடியாக இறங்காது.

மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக ஓடி ஒரு பூவோடு நின்றுவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமான உரம் போட்டால் இலைதான் மிஞ்சும். மொட்டு தெரிந்த பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய உரத்துக்கு மாறுங்கள். வறண்ட வாரங்களில் செம்பேன் இலையின் அடியில் கூடுகட்டும். தினமும் இலையைப் புரட்டிப் பார்த்து, அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் கட்டுப்படும். இலையில் வெளிறிய கோடும் சுருக்கமும் தெரிந்தால் அது தேமல் வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். அதை வெட்டிய கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகுதான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

பகல் நீளத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கேமரன் மலையில் செவ்வந்தித் தோட்டக்காரர்கள் இரவில் விளக்கெரித்துப் பகலை நீட்டுவார்கள். ராத்திரியில் அந்தப் பக்கம் போனவர்கள் ஒளிரும் கூடாரங்களைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் செய்வது செவ்வந்தி சீக்கிரம் பூக்காமல் தண்டு நீள்வதற்காக. நாம் செய்வது டாலியா கிழங்குக்கு ஓடாமல் இருப்பதற்காக. போர்ட்டிக்கோ எல்இடி விளக்கைத் தொட்டிக்கு மேலே இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டு, பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பதரை மணிவரை எரியவிட்டால் 14 மணி நேரம் ஆகிவிடும். ஒரு டைமர் மாட்டினால் மறதிக்கும் இடமில்லை. இரவு வெப்பத்தை இது குறைக்காது, ஆனால் இதழ் அடுக்கு கூடும், கிழங்குப் பேராசை தணியும்.

குட்டை ரகத்தின் குறை தண்டின் நீளம். ஒரு சாண் கிடைத்தால் பெரிது. உயரமான ஜாடிக்கு ஆகாது. ஆனால் நம் வீடுகளில் உருளி இருக்கிறதே. தண்ணீர் நிரப்பி, காம்பை ஒட்ட நறுக்கி மிதக்கவிட்டால் டாலியாவைப் போல உருளிக்குப் பொருந்துகிற பூ வேறில்லை என்பேன்.

வளர்க்கும் பொறுமை இல்லாதவர்கள் கேமரனில் பூத்த தொட்டியையே வாங்கலாம். மொட்டு நிறைய இருக்கும் செடியாகப் பார்த்து எடுங்கள். கீழே கொண்டுவந்தால் இருக்கும் மொட்டுகள் விரியும், அப்புறம் செடி மெல்லத் தளரும். அதை ஒரு நீண்ட பூங்கொத்து என்று நினைத்து வாங்கினால் கொடுத்த காசு வீணில்லை.

இனி ஜின்னியா. டாலியாவுக்கு மாற்று என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஏதோ இரண்டாந்தரம் போல. பெனரிஸ் ஜயண்ட் ரகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள். டாலியா வடிவிலேயே அடுக்கடுக்கான இதழ், 10 சென்டிமீட்டர் அகலம், நல்ல மண்ணில் இடுப்புயரச் செடி. நம் வெப்பம் அதற்குத் தடையே இல்லை. விதையை நேரே மண்ணில் ஊன்றினால் மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். 60, 70 நாளில் வெட்டத் தொடங்கலாம். டாலியா ஒரு தடவை பூப்பதற்குள் ஜின்னியாவில் சில வாரங்கள் வெட்டிவிடுவீர்கள். வெட்ட வெட்டப் பக்கக் கிளை விட்டுப் பூக்கும் குணம் அதற்கு.

ஜின்னியாவும் பகல் நீளத்தைக் கவனிக்கும் செடிதான், ஆனால் டாலியாவுக்கு நேர்மாறாக. குறுகிய பகலில் சீக்கிரம் பூக்கும். அதனால் நம் ஊரில் முதல் பூ குட்டைத் தண்டோடு அவசரமாக வந்துவிடும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு சாண் உயரத்திலேயே நடு நுனியைக் கிள்ளி எறிந்தால், பக்கவாட்டில் எழும் தண்டுகள் நீளமாக வரும். பூ வெட்டும்போதும் மனசை இறுக்கிக்கொண்டு ஆழமாக, ஒரு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். மேலோட்டமாக வெட்டினால் அடுத்த தண்டும் குட்டையாகத்தான் வரும்.

அதன் எதிரி மழை. சாம்பல் நோயும் இலைப்புள்ளி நோயும் மழை மாதங்களில் கீழிலையிலிருந்து ஏறிவரும். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள், தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள், அதுவும் காலையில். நெருக்கி நட்டால் நிறையப் பூ கிடைக்கும் என்று தோன்றும். நம் ஈரக் காற்றில் நெருக்கமே நோயை வளர்க்கும். ஒரே செடியை மாதக்கணக்கில் காப்பாற்றப் பார்க்காமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி விதை ஊன்றி வந்தால், நோய் பிடித்த பழைய செடியைக் கவலையின்றிப் பிடுங்கலாம். மழைக் காலத்துக்கு ஓக்லஹோமா ரகம் தேவலை. பூ சின்னது, ஆனால் சாம்பல் நோயைச் சற்றுத் தாங்கும்.

ஜின்னியாவுக்குத் துணையாக என்ன போடலாம்? கோழிக்கொண்டை முதல் தேர்வு. வெயில் எரிக்க எரிக்க நிறம் ஏறும், ஜாடியில் பத்து நாளைத் தாண்டும். இலைகள் பூவுக்கு முன்பே வாடுவதால் வெட்டியதும் அவற்றை உருவிவிட வேண்டும். வாடாமல்லி அடுத்தது. ஜாடியிலும் நிற்கும், தலைகீழாகக் கட்டிக் காயவைத்தால் மாதக்கணக்கில் நிறம் மாறாது. செண்டுமல்லியின் இலை தண்ணீரில் பட்டால் வாடை அடிக்கும், அதனால் கீழிலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சம்பங்கி கிழங்கு வெயிலில் நன்றாக வரும், ஒரு தண்டு போதும், கூடம் முழுக்க மணக்கும். ஹெலிகோனியா அழகுதான், ஆனால் நாலடித் திட்டை அது ஒரே வருஷத்தில் ஆக்கிரமித்துவிடும். வேலியோரத்தில் தாராளமாக இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். மேற்குப் பார்த்த லிங்க் ஹவுஸ், அதாவது ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு என்றால் டாலியாவை மறந்துவிடலாம். பிற்பகல் வெயிலும் சிமெண்ட் தரைச் சூடும் சேர்ந்து அதை வதைக்கும். அங்கே முக்கால் பங்கு ஜின்னியா, கால் பங்கு கோழிக்கொண்டை போடுங்கள். கிழக்குப் பார்த்த வீட்டில் அதே திட்டோடு போர்ட்டிக்கோ ஓரத்தில் இரண்டு டாலியா தொட்டி. கொண்டோ பால்கனியில் ஆறு மணி நேரம் வெயில் விழாவிட்டால் ஜின்னியாவும் ஒல்லியாக நீண்டு சாயும். அங்கே டென்ட்ரோபியம் ஆர்கிட்டைக் கம்பியில் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். அதன் ஒரு கொத்து ஜாடியில் இரண்டு வாரம் நிற்கும். விதையும் செடியும் ஒரே இடத்தில் பார்த்து வாங்க நினைத்தால் சுங்கை பூலோ நர்சரித் தெருக்களுக்குப் போங்கள். 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் செடி வளர்த்துப் பிழைக்கத் தொடங்கி உருவான இடம் அது. அங்கே காசு கொடுத்துச் செடி வாங்குவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

வெட்டும் நேரத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. டாலியா மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியாது. முக்கால்வாசிக்கு மேல் விரிந்த பிறகு, விடிகாலையில் வெட்டி உடனே தண்ணீரில் போட வேண்டும். பின்பக்க இதழைத் தொட்டுப் பாருங்கள், காகிதம் போல உலர்ந்திருந்தால் அது முதிர்ந்த பூ, விட்டுவிடுங்கள். குளிர்சாதனம் இல்லாத வீட்டில் டாலியா மூன்று நான்கு நாள், ஜின்னியா ஒரு வாரம். ஜின்னியா தண்டைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து ஆட்டுங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முற்றவில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஜின்னியாவைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், குளிர் அதைக் கறுக்கவைக்கும்.

ஜாடித் தண்ணீரையும் உருளித் தண்ணீரையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பூவும் நிற்கும், ஏடிஸ் கொசுவும் முட்டையிட்டுப் பெருகாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் கவனியுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், டிங்கி வந்த வீட்டின் கஷ்டம் நமக்குத் தெரியாததில்லை.

மாதத் திட்டம் இப்படி. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்டவை. அக்டோபரில் கூரைக்கடியில் டாலியா விதை போட்டால் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் பூ வரும், அந்த ஊரில் அதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. கோலாலம்பூரில் ஜூன், ஜூலை சற்று வறண்டவை, ஆகவே மார்ச்சில் விதையுங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8இல் வருகிறது. அன்றைக்கு ஜாடி நிறைய வேண்டுமானால் கோழிக்கொண்டையை ஆகஸ்ட் தொடக்கத்தில் நாற்று விடுங்கள், ஜின்னியாவை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஊன்றுங்கள். அக்டோபர், நவம்பர் கோலாலம்பூரில் பெருமழைக் காலம் என்பதால் அந்தத் தடவை மட்டும் ஓரடி இடைவெளியை ஒன்றேகால் அடியாக்குங்கள். டாலியா தொட்டி வைத்திருப்பவர்கள் ஜூலை கடைசிக்குள் விதையைப் போட்டு, முளைத்த நாற்றை மழை படாத இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.